வீட்டூர்திக் கழிப்பறை

வீட்டூர்திக் கழிப்பறை என்பது, உறங்கவும் சமைக்கவும் வசதி உள்ள மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டூர்திகளில் பொருத்தப்படும் கழிப்பறை ஆகும். இது நிலத்தடிச் சாக்கடையுடன் இணைக்கப்பட்டதன்று. கழிவு முழுவதும் ஊர்தியின் அடியில் உள்ள ஒரு தொட்டியில் தேங்கி நிற்கும். அத்தொட்டியைப் பின்னர் உரிய இடத்தில் காலிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களின் ஓய்வுக்காக நிறுத்தப்படும் "கேரவன்" வண்டிகளிலும் இத்தகைய தொட்டிக் கழிப்பறைகளைக் காணலாம். பிரித்தானியாவில் கேரவன் என்ற சொல் வேறொரு ஊர்தியால் இழுத்துச் செல்லப்படும், எஞ்சின் இல்லாத வண்டியையே குறிக்கும். தானே ஓடும் வண்டிக்கு அங்கும் மோட்டார்ஹோம் என்றே பெயர்.

இக்கட்டுரை வட அமெரிக்க ஊர்திகளில் மிகுதியாகக் காணப்படும், மிதிக்கட்டையால் இயங்கும் ஈர்ப்புவகைக் கழிப்பறையின் அமைப்பையும், அதில் தோன்றும் பழுதுகளையும், அவற்றை நீக்கும் முறைகளையும் விளக்குகிறது.

விடுமுறைப் பயணிக்குக் கழிப்பறைப் பழுது ஒரு தொல்லை மட்டுமே. ஊர்தியையே நிலையான வீடாகக் கொண்டவர்களுக்கு அவ்வாறன்று. 2008 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வீட்டை இழந்து, வேலை தேடி ஊர்திகளிலேயே வாழத் தொடங்கிய அமெரிக்க முதியோரைப் பற்றி 2017 இல் வெளிவந்த "நோமட்லேண்ட்" நூல் விரிவாகப் பேசுகிறது. சில சதுர மீட்டர் பரப்புள்ள மூடிய அறையில் உண்டு உறங்குபவர்களுக்கு, தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம் உடல்நலம் பற்றிய சிக்கலாகவே மாறிவிடுகிறது.

வரலாறு

இக்கழிப்பறையின் அடிப்படைக் கருத்து பழைமையானது. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இலண்டனில் காப்புரிமை பெற்ற நீர்க்கழிப்பறையில் இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, கோப்பையின் அடியில் பக்கவாட்டில் நகரும் ஒரு தகடு. மற்றொன்று, அதற்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் அமைப்பு. 1778 இல் ஜோசப் பிராமா நகரும் தகட்டுக்கு மாற்றாகக் கீல் கொண்ட மூடியை அமைத்தார். வீடுகளில் நாளடைவில் தகடும் மூடியும் மறைந்து, வளைகுழாய் மட்டும் நிலைபெற்றது. வீட்டூர்தியிலோ இதற்கு நேர்மாறாக வளைகுழாய் கைவிடப்பட்டுத் தகடு நிலைத்தது. ஓடும் வண்டியின் குலுக்கத்தில் வளைகுழாயில் உள்ள நீர் சிந்திவிடும் என்பதும், அக்குழாய் வழியே கழிவைத் தள்ளுவதற்கு மிகுதியான நீர் வேண்டும் என்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

இத்துறையில் பெயர்பெற்ற தெட்ஃபோர்டு நிறுவனம் 1963 இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் தொடங்கப்பட்டது. கையில் தூக்கிச் செல்லத்தக்க "போர்ட்டா பாட்டி" கழிப்பறையை அது 1968 இல் அறிமுகப்படுத்தியது.

அமைப்பும் இயக்கமும்

பீங்கானால் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன கோப்பை, தரையில் உள்ள வட்ட விளிம்புத் தட்டின் மீது இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கோப்பைக்கும் தட்டுக்கும் இடையே தடித்த ரப்பர் அடைப்பு ஒன்று உண்டு. இதற்கு நேர்கீழே கருநீர்த் தொட்டி அமைந்துள்ளது. மலமும் சிறுநீரும் சேர்வதால் இப்பெயர் பெற்ற இத்தொட்டி பெரும்பாலும் 75 முதல் 190 லிட்டர் வரை கொள்ளளவு உடையது. கை கழுவிய நீரும் குளித்த நீரும் சாம்பல்நீர்த் தொட்டி என்னும் வேறொரு தொட்டிக்குச் செல்கின்றன.

கோப்பையின் அடித்துளையை ஒரு தகடோ அரைக்கோள வடிவ மூடியோ அடைத்திருக்கும். மிதிக்கட்டையை அழுத்தினால் தகடு விலகிக் கழிவு கீழே விழும். அதே அசைவில் நீர் வால்வும் திறந்து கோப்பையைச் சுற்றி நீர் பாயும். காலை எடுத்தவுடன் சுருள்வில் தகட்டை மூடிவிடும். மூடிய தகட்டின் மேல் ஓரிரு விரற்கடை அளவு நீர் தேங்கி நிற்க வேண்டும். வீட்டுக் கழிப்பறையின் வளைகுழாய் செய்யும் வேலையை இங்கு இச்சிறிதளவு நீரும், தகட்டின் விளிம்பைத் தழுவி நிற்கும் ரப்பர் வளையமும் செய்கின்றன. ஒருமுறை கழுவ ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் நீர் போதும். ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் புதிய வீட்டுக் கழிப்பறைகளுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பே 6 லிட்டர் என்பதனை ஒப்புநோக்கலாம்.

கோப்பையின் பின்புறத்தில் வெற்றிட முறிப்பான் என்னும் சிறு உறுப்பு ஒன்று உள்ளது. பலரும் இதன் பயனை அறிவதில்லை. குடிநீர்க் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், கோப்பையில் உள்ள அழுக்குநீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீருடன் கலக்கக்கூடும். அவ்வேளையில் இவ்வுறுப்பு காற்றை உள்ளே விட்டு அந்த உறிஞ்சலை முறித்துவிடுகிறது. கசிகிறது என்பதற்காக இதனைப் பசையிட்டு மூடிவிடுவதும், கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேராக இணைப்பதும் மிகவும் தவறான செயல்கள் ஆகும்.

தொட்டியில் இருந்து கூரைவரை செல்லும் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றும் உண்டு. கழிவு சிதையும்போது உண்டாகும் வளிமங்கள் இதன் வழியே வெளியேறுகின்றன.

பழுது பார்க்கும் முன்

முதலில் தொட்டியைக் காலிசெய்து நன்கு அலசிவிட வேண்டும். நீர் ஏற்றியையும் வெளியில் இருந்து வரும் நீர் இணைப்பையும் நிறுத்திய பின், மிதிக்கட்டையை ஒருமுறை அழுத்திக் குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தை நீக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிதல் நன்று.

சன்னல்களைத் திறந்து வைப்பது வெறும் நாற்றத்துக்காக மட்டும் அன்று. காற்றில்லாத தொட்டியில் கழிவு சிதையும்போது மீத்தேனும் ஐதரசன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பற்றக்கூடியது, எனவே அருகில் புகைபிடித்தலும் தீச்சுடரும் கூடாது. ஐதரசன் சல்பைடு நச்சு வளிமம். அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இதன் செறிவு காற்றில் மில்லியனில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பதை மட்டும் கொண்டு ஆபத்து நீங்கியதாகக் கருதலாகாது.

கோப்பையில் நீர் நில்லாமை

இவ்வகைக் கழிப்பறைகளில் மிகுதியாகக் காணப்படும் பழுது இதுவே. இரவில் தேங்கியிருந்த நீர் காலையில் இல்லாமற்போகும். நீர்த்தடை நீங்கியதால் தொட்டியின் வளிமங்கள் நேராக அறைக்குள் வரும். வெளியே குழாய் ஒழுகினால் தரை நனைந்து பழுதைக் காட்டிக்கொடுக்கும். இங்கு நீர் ஓசையின்றித் தொட்டிக்குள் இறங்கிவிடுவதால், நாற்றமே முதல் அறிகுறியாக அமைகிறது. தொட்டி எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரம்புவது இரண்டாவது அறிகுறி.

பழுதை உறுதிசெய்ய, கோப்பையில் நீரை நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு ஓர் இரவு விட்டுவைத்தால் போதும். மட்டம் சில மணி நேரத்திலேயே முற்றிலும் வடிந்துவிட்டால் ரப்பர் வளையத்தில் குறை உள்ளது எனலாம்.

இந்த நிலையில் பலர் உடனே புதிய வளையத்தை வாங்கிவிடுகின்றனர். இது பெரும்பாலும் தேவையற்ற அவசரம். வளையம் தேய்ந்திருப்பதைவிட அதில் அழுக்கு சேர்ந்திருப்பதே மிகுதி. மிதிக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைவிளக்கின் ஒளியில் தகடு நுழையும் பள்ளத்தைப் பார்த்தால், அதில் தாள் துணுக்குகளும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்திருப்பது தெரியும். கடின நீரில் உள்ள கால்சியம் உப்புகளும் சிறுநீரின் உப்புகளும் சேர்ந்து இப்படிவை உண்டாக்குகின்றன. மணல் பரவிய வாசற்படியில் கதவு முழுதாகச் சாத்தாதது போல, இப்படிவின் மேல் தகடு சரியாகப் படிவதில்லை. வெள்ளை வினிகரில் நனைத்த துணியைப் பள்ளத்தின் மீது சில மணி நேரம் வைத்திருந்து, பின் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு கரைந்து வந்துவிடும். கம்பியையோ திருப்புளியையோ கொண்டு சுரண்டினால் வளையம் கிழியக்கூடும். வேறு வழியில்லாத போது மட்டும், வளைத்த கம்பியை மிகவும் கவனமாகப் பயன்படுத்தலாம்.

சில மாதங்கள் பயன்படுத்தாமல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊர்தியில், ரப்பர் உலர்ந்து இறுகிவிடுவதாலும் நீர் நில்லாமற்போகும். இதனைச் சில நாட்கள் ஈரத்தில் வைத்திருந்து, சிலிக்கோன் மசகைத் தடவினால் வளையம் பெரும்பாலும் பழைய நெகிழ்வை அடையும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருட்களைத் தடவுதல் கூடாது. பலவகை ரப்பர்கள் இவற்றை உறிஞ்சி உப்பி, வடிவம் கெட்டுவிடும். தொடக்கத்தில் கசிவு நின்றதுபோல் தோன்றுவதால் இத்தவறு மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது. கடுமையான வெளுப்பான்களும் இவ்வாறே வளையத்தைக் கெடுப்பவை.

வளையத்தை மாற்றுதல்

தூய்மை செய்தும் நீர் நில்லாவிடில் வளையத்தை மாற்ற வேண்டும். சில மாதிரிகளில் கோப்பையைக் கழற்றாமல் மேலிருந்தே வளையத்தை உருவி எடுத்துப் புதியதைப் பொருத்த இயலும். மற்றவற்றில் கழிப்பறை முழுவதையும் தூக்க வேண்டும். எனவே ஊர்தியின் மாதிரியை அன்றிக் கழிப்பறையின் மாதிரியை முதலில் அறிதல் வேண்டும். அதன் எண் பெரும்பாலும் கோப்பையின் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு வளையங்கள் தடிப்பில் சிறிது மாறுபடுவதுண்டு. அந்த மாறுபாடே கசிவுக்குப் போதுமானது.

கழற்றும்போது முதலில் பின்புறத்து நீர்க்குழாய் இணைப்பைத் திருகி எடுத்து, சொட்டும் நீரைத் துணியில் ஏந்த வேண்டும். பின்னர் அடியில் உள்ள இரண்டு நட்டுகளையும் ஸ்பானரால் தளர்த்திக் கழற்றலாம். இவை துருப்பிடித்திருந்தால் வலிந்து திருகாமல் துருநீக்கி எண்ணெயை நட்டின் மீது மட்டும் விட்டுக் காத்திருத்தல் நன்று. கோப்பையைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நேர்மேலாகத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் தரையில் தெரியும் துளையைப் பழந்துணியால் அடைத்துவிடுதல் இன்றியமையாதது. வளிமங்கள் மேலே வராமல் தடுப்பதுடன், கைதவறும் நட்டு தொட்டிக்குள் விழுந்துவிடாமலும் இது காக்கும்.

மேல் வளையத்தை மாற்றுவதற்காகவே கோப்பை தூக்கப்பட்டிருந்தாலும், விளிம்புத் தட்டின் மேல் உள்ள அடித்தள அடைப்பையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஒருமுறை நசுங்கிய அடைப்பு மீண்டும் அதே வடிவில் பொருந்துவது அரிது. பழைய அடைப்பின் எச்சங்களைச் சுரண்டி எடுத்தபின் புதியதை வைத்து, கோப்பையை நேராக இறக்கி, இரண்டு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிதுசிறிதாக இறுக்க வேண்டும். ஒருபுறத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபுறத்துக்குச் சென்றால் பீங்கான் வெடித்துவிடும். கோப்பை ஆடாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். நீர் இணைப்பின் பிளாஸ்டிக் மரையைக் கையால் மட்டுமே திருக வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் நீரைத் திறந்து, அடிப்பகுதியைச் சுற்றி உலர்ந்த தாளை வைத்து, ஐந்தாறு முறை கழுவிப் பார்க்க வேண்டும். தாள் எந்த இடத்தில் நனைகிறதோ அங்கிருந்து கசிவைத் தேடலாம். அதன்பின் பென்சில் கோட்டுச் சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.

நீர் நிற்காமல் ஓடுதல்

மிதிக்கட்டையை விட்ட பின்னரும் கோப்பையில் நீர் பாய்ந்துகொண்டே இருந்தால், வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் தகடும் வால்வும் ஒரே பொறியமைப்பால் இயங்குபவை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பள்ளத்தில் சேர்ந்த அழுக்கால் தகடு முழுதும் மூடாமல் நின்றால், வால்வும் சிறிதளவு திறந்தே இருக்கும். எனவே மேற்கூறிய தூய்மைப் பணியே இதற்கும் முதல் மருந்து.

பின்புறத்தில் நீர் கசிந்தால், அது எப்போது கசிகிறது என்று பார்க்க வேண்டும். கழுவும்போது மட்டும் கசிந்தால் பழுது வெற்றிட முறிப்பானில் உள்ளது. பயன்படுத்தாதபோதும் கசிந்துகொண்டே இருந்தால் நீர் வால்வில் உள்ளது. முகாம்களில் வெளிக்குழாயின் நீரழுத்தம் மிகுதியாக இருப்பதுண்டு. இணைப்பில் ஓர் அழுத்தக் குறைப்பான் வைத்து 3 முதல் 4 பார் அளவுக்குள் வைத்திருந்தால் வால்வுகள் நெடுநாள் உழைக்கும்.

நாற்றம்

கோப்பையில் நீர் நன்கு நிற்கிறது. ஆயினும் நாற்றம் வருகிறது என்றால், கூரையைப் பார்க்க வேண்டும். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் பறவைக்கூடோ இலைச்சருகோ அடைத்திருக்கலாம். மற்றொரு காரணம் சற்று வியப்பானது. கழிப்பறைக் கூரையின் மின்விசிறி காற்றை வெளியே உறிஞ்சும்போது அறைக்குள் அழுத்தம் குறைகிறது. அவ்வேளையில் மிதிக்கட்டையை அழுத்தினால் தொட்டியின் வளிமம் அறைக்குள் இழுக்கப்படும். நாற்றத்தைப் போக்கப் போட்ட விசிறியே நாற்றத்தைக் கொண்டுவருகிறது. விசிறியை நிறுத்திவிட்டுக் கழுவி, தகடு மூடிய பின் மீண்டும் போடுவதே முறை. குளியலறைத் தரையிலும் கைகழுவு தொட்டியிலும் உள்ள வளைகுழாய்கள் உலர்ந்துபோனால் சாம்பல்நீர்த் தொட்டியின் நாற்றம் வரும். இதற்குக் கழிப்பறை பொறுப்பன்று. ஒரு குவளை நீரை ஊற்றினால் தீர்ந்துவிடும்.

தொட்டியில் ஊற்றும் மருந்துகளில் முன்பு ஃபார்மால்டிகைடு பெரிதும் பயன்பட்டது. 2004 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. மேலும் இது செப்டிக் தொட்டிகளில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறது. நொதியங்களும் நுண்ணுயிர்களும் அடங்கிய மருந்துகள் இன்று மாற்றாகக் கிடைக்கின்றன. எம்மருந்தாயினும் தொட்டியில் போதிய நீர் இல்லாவிடில் பயன் தராது.

தொட்டி அடைப்பு

முகாமில் சாக்கடைக் குழாயுடன் இணைத்துவிட்டோம் என்று கருநீர்த் தொட்டியின் வெளியேற்று வால்வைத் திறந்தே வைப்பவர்கள் உள்ளனர். இதனால் நீர் மட்டும் வடிந்துபோக, திடக்கழிவும் தாளும் கோப்பைக்கு நேர்கீழே கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். அமெரிக்க ஊர்தியாளர்கள் இதனைப் பிரமிடு என்றே அழைக்கின்றனர். வால்வை மூடி வைத்து, தொட்டி மூன்றில் இரு பங்கேனும் நிரம்பிய பின்னரே திறந்துவிட வேண்டும். அப்போதுதான் நீரின் வேகம் திடக்கழிவையும் இழுத்துச் செல்லும்.

குவிந்துவிட்டால், வால்வை மூடித் தொட்டியில் நீரை நிரப்பி ஓரிரு நாட்கள் ஊறவைக்க வேண்டும். இடையில் ஊர்தியை ஓட்டிச் சென்றால் குலுக்கத்தில் குவியல் கரையும். கொதிநீரை ஊற்றுதல் கூடாது, பி.வி.சி. குழாய்கள் அவ்வெப்பத்தில் இளகும். தாள் எளிதில் கரைவதா என்பதை அறிய, அதனை ஒரு குப்பி நீரில் இட்டுக் குலுக்கிப் பார்த்தால் போதும். தொட்டியைக் காலிசெய்த பின்னும் அளவுகாட்டி நிரம்பியதாகவே காட்டுவது, சுவரில் உள்ள உணரிகளில் தாள் ஒட்டியிருப்பதால் ஆகும். இது பழுது என்று சொல்லத்தக்கது அன்று.

உறைபனி

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. வால்வுக்குள் எஞ்சிய ஒரு தேக்கரண்டி நீர் உறைந்தாலே பிளாஸ்டிக் உடல் விரிசல் கண்டுவிடும். விரிசல் குளிர்காலத்தில் தெரிவதில்லை. வசந்தத்தில் நீரைத் திறந்தவுடன்தான் ஒழுகத் தொடங்கும். ஆகவே ஊர்தியை நிறுத்தி வைக்கும் முன் குழாய்களை வடித்து, புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பியைச் செலுத்தி, மிதிக்கட்டையை அழுத்திக் கோப்பையிலும் சிறிது நிற்கவிட வேண்டும். எஞ்சின்களுக்குப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சாகும்; அதனைக் குடிநீர்க் குழாய்களில் ஒருபோதும் விடலாகாது.

கழிவை இறக்குதல்

தொட்டியைக் காலிசெய்ய முகாம்களிலும் சில நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் தனி இடங்கள் உள்ளன. 3 அங்குல விட்டமுள்ள குழாயை இணைத்து, முதலில் கருநீரையும் பின்னர் சாம்பல்நீரையும் திறந்துவிடுவது வழக்கம். சோப்பு கலந்த பின்னீர் குழாயை அலசிவிடும்.

இந்தியத் தொடர்வண்டிகளின் பழைய கழிப்பறைகளில் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்தது. பின்னர் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் உதவியுடன், கழிவை நுண்ணுயிர்களால் சிதைக்கும் தொட்டிகள் பொருத்தப்பட்டன. வீட்டூர்தியின் தொட்டி அவ்வாறு சிதைத்து முடிப்பதன்று. தேக்கி மட்டும் வைப்பது. எனவே அதனை எங்கே திறக்கிறோம் என்பது முழுவதும் ஓட்டுநரின் பொறுப்பு. 2004 ஆகத்து 8 அன்று சிகாகோவில், ஓர் இசைக்குழுவின் பயணப் பேருந்து கின்சி தெருப் பாலத்தின் கம்பி வலைத் தளத்தின் மீது செல்கையில் தன் தொட்டியைத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 360 கிலோகிராம் கழிவு, அடியில் ஆற்றில் சென்றுகொண்டிருந்த சுற்றுலாப் படகின் திறந்த மேல்தளத்தில் இருந்த பயணிகள் மீது கொட்டியது. ஓட்டுநர் 2005 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பெட்டித் தொட்டி வகை

ஐரோப்பிய ஊர்திகளில் நிலையான பெருந்தொட்டிக்கு மாற்றாக, வெளிப்புறச் சிறுகதவின் வழியே உருவி எடுக்கத்தக்க, ஏறத்தாழ 17 முதல் 20 லிட்டர் கொள்ளும் பெட்டித் தொட்டி மிகுதியாக உள்ளது. இதன் தகடும் ரப்பர் இதழும் கோப்பையில் அல்லாமல் பெட்டியின் மேற்புறத்திலேயே இருப்பதால், பெட்டியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துப் பழுது பார்க்க இயலும். பெட்டி வெளியே வர மறுத்தால் பெரும்பாலும் உள்ளே தகடு மூடப்படாமல் இருக்கும். தகடு திறந்துள்ளபோது பெட்டி நகராதபடி பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. வலிந்து இழுக்காமல், கழிப்பறைக்குள் சென்று கைப்பிடியை முழுவதும் மூடிவிட்டு மீண்டும் முயல வேண்டும்.